எருக்குவியலுக்குக் காய்ச்சல்

பெண் கேட்டுப் போகிறவர்கள் இனிப்புப் பெட்டி கொண்டுபோவார்கள். வசதி இருந்தால் தங்க வளையல் கொண்டுபோவார்கள். ஷஹாத்தா ஒரு டிராக்டர் பெட்டி நிறையக் கோழி எரு கொண்டுபோவதென்று முடிவு செய்திருந்தார். சிரிக்க வேண்டாம். அவர் மனதில் இருந்த பெண் இன்ஷிராஹ், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ராபெரித் தோட்டம் வைத்திருக்கும் விதவை. ஸ்ட்ராபெரி போடுகிறவளிடம் வளையலை நீட்டினால் நன்றி சொல்லி உள்ளே எடுத்து வைப்பாள். நல்ல எருவை நீட்டினால் அவள் முகமே மலர்ந்துவிடும். எகிப்தில் எங்கள் கல்யூபியா பக்கத்தில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

ஷஹாத்தாவுக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவி போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. பெண்கள் இருவரும் கெய்ரோவில் குடும்பம் குட்டி என்று இருந்தார்கள். மனிதர் இன்னும் மெக்காவுக்குப் போனதில்லை. ஆனாலும் தொந்தியையும் நரைத்த மீசையையும் பார்த்து ஊரே அவரை ஹாஜி என்று கூப்பிட்டது, அவரும் ஒரு நாளும் மறுத்ததில்லை. இரண்டு கொட்டகை நிறையக் கோழிகளும், பாதை ஓரமாக எல்லோர் கண்ணிலும் படும்படி குவித்து வைத்த எருவும்தான் அவர் சொத்து.

அவர் பண்ணையில் குஞ்சு இறங்கும் நாளிலிருந்தே குடிதண்ணீரில் மருந்து கலந்துவிடும். கோழி தும்மினால் ஒரு ஆன்டிபயாடிக், தும்மாவிட்டால் தும்மாமல் இருக்க இன்னொரு ஆன்டிபயாடிக். மருந்தை விற்பவன் கால்நடை மருந்துக்கடை ஸக்லூல். எந்த நோய்க்கும் எடுத்த எடுப்பிலேயே பெரிய மருந்தைப் போட்டு அடித்துவிட வேண்டும் என்பது அவன் கொள்கை. ஷஹாத்தா அதற்கு எதிராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்தக் கோடையில் பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் நிஹால் என்ற பெண் வந்து, வட்டாரத்தில் இருந்த பண்ணைகளின் எருவையெல்லாம் குப்பி குப்பியாக அள்ளிக்கொண்டு போயிருந்தார். சோதனை முடிந்ததும் நேரில் சொல்ல வந்தார். வெயிலில் முகம் சிவந்து போயிருந்தது.

"ஹாஜி, உங்க எருவுல இருக்கிற கிருமி மேல ஏழு ஆன்டிபயாடிக் வெச்சுப் பார்த்தோம். ஏழுமே வேலை செய்யல."

"ஏழுமா?"

"ஏழும்தான். எதுவும் கேக்காதப்ப கடைசியா எடுக்கலாம்னு ஆஸ்பத்திரில பூட்டி வெச்சிருக்கிற மருந்துகூட."

"மத்தவங்க பண்ணையில எப்படி?"

"ஒண்ணு ரெண்டு மருந்துக்குச் சாகல. உங்களோடதுதான் இருக்கிறதுலயே மோசம்."

ஏழு என்ற எண் ஷஹாத்தாவின் மண்டைக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பின்னால் வந்த எதற்கும் அங்கே இடமில்லை.

"நாம போடற தீவனம் அப்படி, டாக்டரம்மா," என்றார் அடக்கமாக.

டாக்டர் நிஹால் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஷஹாத்தா அங்கியைச் சரிசெய்துகொண்டு பய்யூமியின் காப்பிக்கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் கடையில் வேறு பேச்சே இல்லை. "ஸ்விட்சர்லாந்து மருந்து உள்ள போச்சு, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வெளிய வந்துச்சு," என்று ஷஹாத்தா ஹுக்காவை இழுத்தபடி சொன்னார். "ஜெர்மன்காரன் மருந்து வாசல்லயே திரும்பிடுச்சாம்."

"அப்ப அதுக்கு ஒரு நல்ல பேரா வெச்சுடு, ஹாஜி," என்றான் பய்யூமி. "பிள்ளை மாதிரி வளத்திருக்க."

ஸக்லூலுக்குத்தான் பெருமை தாங்கவில்லை. "எல்லாம் என் கடை மருந்து குடிச்சு வளந்த கிருமி. எனக்கும் இதுல பங்கு உண்டு, மறந்துடாதீங்க," என்றான். அவன் தன் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை அதுதான், அதையும் தெரியாமல்தான் சொன்னான்.

மறுநாள் ஷஹாத்தா புது அங்கி போட்டு, அத்தர் பூசி, தானே டிராக்டரை ஓட்டிக்கொண்டு இன்ஷிராஹின் தோட்டத்துக்குப் போனார். பருவம் முடிந்து நிலம் காலியாகக் கிடந்தது. இலையுதிர்காலத்தில் நடுவதற்குள் எரு வேண்டும், அதனால் நேரம் பார்த்துத்தான் வந்திருந்தார். இன்ஷிராஹ் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் கையில் மண்வெட்டியுமாக வாசல் கதவைத் திறந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், நெற்றிச் சுருக்கம்கூட அவளுக்கு எடுப்பாகத்தான் இருந்தது. அப்படித்தான் ஷஹாத்தாவுக்குப் பட்டது.

"வாங்க ஹாஜி. இதென்ன டிராக்டரோட?"

"சும்மா ஒரு அன்பளிப்பு, உம்மு மஹ்ரூஸ்." உம்மு என்றால் தாய், குவைத்தில் வேலை பார்க்கும் அவள் மகன் பெயர் மஹ்ரூஸ். "ஊரு எரு மாதிரி இதை நினைச்சுடாதீங்க. பல்கலைக்கழகத்துல சோதிச்சது. இதுல இருக்கிற கிருமிய ஏழு மருந்தாலயும் அசைக்க முடியல. அவ்வளவு வீரியம்!"

இன்ஷிராஹ் மண்வெட்டியை மெல்லக் கீழே வைத்தாள். "எந்த மருந்துக்கும் சாகாதா?"

"சாகாது!" என்றார் ஷஹாத்தா நெஞ்சை நிமிர்த்தி.

"எங்க வீட்டுக்காரர் எதுல போனார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும். நெஞ்சு வலின்னு சொன்னாங்க…"

"ஊர்ல அப்படிச் சொல்லிக்கிட்டாங்க. எரு பரப்பினப்ப கையில ஒரு கீறல் பட்டுச்சு. வீங்கிப் போச்சு. ஆஸ்பத்திரில பாட்டில் பாட்டிலா மாத்தி மாத்தி ஏத்தினாங்க, ஒண்ணும் கேக்கல. ஒரு சின்ன வயசு டாக்டர் வெளிய வந்து, 'அம்மா, இந்தக் கிருமி எந்த மருந்துக்கும் சாகமாட்டேங்குது'ன்னான். இப்ப நீங்க சொன்னீங்களே, அதேதான். ஆனா அவன் சிரிக்காம சொன்னான்."

ஷஹாத்தாவின் நெஞ்சு நிமிர்ந்த இடத்திலேயே நின்றுபோயிருந்தது. அதை எப்படிக் கீழே இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"யாரு பண்ணை எருவோ, எங்க வந்த கிருமியோ, எனக்குத் தெரியாது," என்றாள் இன்ஷிராஹ். "நான் யாரையும் சொல்லல. வண்டியத் திருப்புங்க."

கதவு சாத்திக்கொண்டது. அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். நாலு வருடத்துக்கு முன்னால் அவள் கணவன் ஹில்மி யார் யாரிடமெல்லாம் எரு வாங்கினான் என்று ஷஹாத்தாவுக்குத் தெரியும். மூன்று பண்ணையில் வாங்கினான், அதில் ஒன்று அவருடையது. புது அங்கி முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெட்கத்தில் அவருக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது.

வாய்க்கால் பாதையில் டிராக்டரைத் திருப்ப இடம் கிடையாது. பாலம் வரைக்கும் பின்பக்கமாகவே ஓட்ட வேண்டியிருந்தது. பெட்டி ஒரு பக்கம் போனது, வண்டி ஒரு பக்கம் போனது. வாத்துக்கள் நீந்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன. காப்பிக்கடையைத் தாண்டும்போது பய்யூமி மேசை துடைக்கும் துணியோடு வெளியே வந்து நின்றான். "என்ன ஹாஜி, பொண்ணு வீட்டுல சீர் வேண்டாம்னுட்டாங்களா?" என்று கேட்டான். கழுத்து பின்னால் திரும்பியிருக்கும்போது மனிதன் எப்படிப் பதில் சொல்வான்?

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் நிஹாலுக்குப் போன் போட்டார். "டாக்டரம்மா, அந்தக் கிருமியக் கொல்லணும். என்ன செலவானாலும் சரி."

டாக்டர் மறுநாளே வந்தார். குவியலின் அருகே நின்று பொறுமையாக விளக்கினார். முதலில் கோழிக்குத் தண்ணீரில் மருந்து கலப்பதை நிறுத்த வேண்டும். பிறகு எருவோடு வைக்கோலைக் கலந்து, பிழிந்த துணி அளவுக்கு ஈரமாக்கி, மூடி வைத்து, நாலைந்து நாளைக்கு ஒருமுறை அடி மேலாகக் கிளற வேண்டும். சொல்லிவிட்டு ஒரு முழ நீளத்துக்குக் கம்பி வைத்த வெப்பமானியைக் கையில் கொடுத்தார். ஷஹாத்தா எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். சரியாக அந்த நேரத்தில் இன்ஷிராஹ் தலையில் புல்லுக்கட்டோடு எதிர்க்கரையில் நடந்து போனாள். அவள் இந்தப் பக்கம் திரும்புவாளா என்று ஷஹாத்தா பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், குவியலுக்குள் அறுபது டிகிரி வரை சூடு ஏறும், ஏற வேண்டும், அந்தச் சூடுதான் கெட்ட கிருமியைக் கொல்லும் என்று டாக்டர் சொன்னார். அவள் திரும்பவில்லை. அந்தப் பேச்சும் இவர் காதில் விழவில்லை.

"புரிஞ்சுதா ஹாஜி?"

"நல்லாப் புரிஞ்சுது," என்றார் ஷஹாத்தா, பெருமூச்சோடு.

சொன்னபடி வைக்கோல் கலந்தார், தண்ணீர் தெளித்தார், மூடினார். சில நாள் கழித்து ஒரு காலை வேளையில் வெப்பமானியைச் சொருகி எடுத்துப் பார்த்தவருக்குக் கைகால் ஓடவில்லை. அறுபத்தொன்று. குவியலின் உச்சியிலிருந்து ஆவி வேறு கிளம்பிக்கொண்டிருந்தது. மனிதனுக்கு நாற்பதைத் தொட்டாலே வீட்டில் குர்ஆன் ஓத ஆரம்பித்துவிடுவார்கள். ஷஹாத்தா செருப்பைக்கூட மாட்டாமல் ஸக்லூல் கடைக்கு ஓடினார்.

"காய்ச்சல்! அறுபத்தொண்ணு!"

"யாருக்கு?"

"எருவுக்கு!"

வேறு ஊராக இருந்தால் கடைக்காரன் சிரித்திருப்பான். எங்கள் ஊரில் உடம்பு சுட்டால் மருந்துக்கடைக்குப் போய் மூன்று மருந்தைக் கலந்து ஒரே ஊசியாகக் குத்திக்கொண்டு வருவதுதான் வழக்கம். டாக்டரைப் பார்ப்பதெல்லாம் அந்த ஊசி கேட்காவிட்டால்தான். அந்த ஊசி போடாமல் ஷஹாத்தா ஒரு குளிர்காலத்தையும் தாண்டியதில்லை. எனவே ஸக்லூல் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

"எடை எவ்வளவு இருக்கும்?"

"ஒரு டிராக்டர் பெட்டி எரு, அது போக வைக்கோல்."

"எருமை கணக்குல?"

ஷஹாத்தா யோசித்தார். "ஒரு பத்து எருமை தேறும்."

"சினையா இருக்கா?" என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டு, ஸக்லூல் தானே நாக்கைக் கடித்துக்கொண்டான். பத்து எருமைக்கான மருந்து மூன்று வாளியில் கரைக்கப்பட்டது. இருவருமாகக் குவியலின் நாலு பக்கமும் குழி தோண்டி ஊற்றினார்கள். வாளியில் ஊற்றியது உடம்பில் பிடிக்காமல் போய்விடக் கூடாதென்று எருமைக்குப் போடும் ஊசியாலும் இங்கொன்று அங்கொன்று குத்தினார்கள். ஷஹாத்தா தன் கம்பளியைக் கொண்டுவந்து அதன் மேல் போர்த்திவிட்டு, முக்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மருந்து கேட்டது. சூடு ஐம்பதுக்கு இறங்கியது, நாற்பதுக்கு இறங்கியது, பிறகு ஜில்லென்று ஆகிவிட்டது. ஷஹாத்தா தொழுதுவிட்டு டாக்டருக்குப் போன் செய்தார்.

"அல்ஹம்துலில்லாஹ், காய்ச்சல் விட்டுடுச்சு டாக்டரம்மா!"

"எந்தக் காய்ச்சல்?" என்றது போன்.

டாக்டர் நிஹால் வந்து சேர்ந்தபோது பாதையிலேயே நாற்றம் அடித்தது. கம்பளியைத் தூக்கிப் பார்த்தார். ஊசிகளைப் பார்த்தார். முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஹாஜி, நான் சூட்டுல வேக வெக்கச் சொன்னேன். நீங்க அதை ஆஸ்பத்திரில சேத்திருக்கீங்க."

"உயிருக்கு ஆபத்துன்னு நினைச்சேன்…"

"உயிருக்கு ஆபத்து வரணும்னுதானே எல்லாம் பண்றோம்! சூடு கிளப்புறது நல்ல கிருமி. அது உங்க மருந்துல செத்துப்போச்சு. கெட்டதுக்குத்தான் அந்த மருந்தெல்லாம் ஏற்கெனவே பழக்கமாச்சே, டீ குடிக்கிற மாதிரி குடிச்சுட்டு ஜம்முனு உக்காந்திருக்கு. ஊர்ல நல்லவனையெல்லாம் விரட்டிட்டு ரவுடி கையில சாவியக் குடுத்திருக்கீங்க."

ஷஹாத்தா தலையைக் குனிந்துகொண்டார். இந்த ஒரு தடவை அவருக்கு எல்லாம் காதில் விழுந்தது. "டாக்டரம்மா," என்றார் கடைசியில், தணிந்த குரலில், "அந்தக் கிருமியால ஒரு ஆள் சாகுறது நடக்கக்கூடியதா?"

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "நடக்குது, ஹாஜி."

"எந்தப் பண்ணையில இருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியுமா? நாலு வருஷம் கழிச்சு?"

"முடியாது."

அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டார். ஆனால் ஆறுதலாக இல்லை.

அன்றே ஸக்லூலிடம் போய் இனி மருந்து வேண்டாம் என்றார். ஸக்லூல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "என் வயித்துப் பொழப்புக்காகச் சொல்லல ஹாஜி, கோழிங்க முகத்தைப் பார்த்தாவது யோசிங்க," என்றான். கோழிகளின் முகத்தைப் பார்த்தால் அவற்றுக்கு அந்த விஷயத்தில் ஒரு அபிப்பிராயமும் இருந்ததாகத் தெரியவில்லை. முதல் தொகுதியில் கொஞ்சம் செத்தன. ஷஹாத்தா டாக்டர் சொன்னபடி நெருக்கத்தைக் குறைத்தார், கொட்டகைக்கு ஜன்னல் வைத்தார், தரையை நனையவிடாமல் பார்த்துக்கொண்டார். அடுத்த தொகுதி தும்மிக்கொண்டேயாவது பிழைத்தது.

எருவைக் கிளறக் கூலி ஆட்கள் வரவில்லை. ஊசி போட்ட எரு பேய் பிடித்த எரு என்று அவர்களுக்குள் பேச்சு. ஆகவே அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஷஹாத்தா தாமே எரு கிளறும் முள்வாரியைப் பிடித்தார். செத்த குவியலைப் பிரித்து, புது வைக்கோலும் மருந்து படாத எருவும் கலந்து மறுபடி கட்டினார். அது பல நாள் பிணம் போலக் கிடந்தது. அவர் காலையில் வெப்பமானி சொருகுவார், உதட்டைப் பிதுக்குவார், கிளறுவார். தொந்தி ஒரு சுற்று இறங்கியது.

"ஹாஜி, நோயாளி எப்படி இருக்கான்?" என்று பய்யூமி பாதையில் நின்று கேட்பான்.

"இன்னும் காய்ச்சல் வரல," என்பார் ஷஹாத்தா கவலையோடு.

வந்தது. ஒரு நாள் ஐம்பத்தைந்து, அடுத்த நாள் அறுபத்திரண்டு. ஷஹாத்தா நடுப்பாதையில் நின்று அல்லாஹு அக்பர் என்று கத்தியதில் கழுதை ஒன்று கட்டவிழ்த்துக்கொண்டு ஓடியது. கிளறக் கிளறச் சூடு மறுபடி மறுபடி ஏறியது. ஒவ்வொரு தடவையும் குவியல் கொஞ்சம் சுருங்கியது, கொஞ்சம் கறுத்தது. நாற்றமும் அடங்கியது. இலையுதிர்காலம் நெருங்கும்போது அது எரு என்று யாராவது சொன்னால்தான் தெரியும் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

டாக்டர் நிஹால் குப்பிகளில் அள்ளிக்கொண்டு போய்ச் சோதித்துவிட்டு வந்தார். ஷஹாத்தா அந்தச் செய்தியைக் காப்பிக்கடையில் தாமே அறிவித்தார். "கிருமி பெரும்பாலும் செத்துடுச்சு. மிச்சம் இருக்கிறதுல முக்கால்வாசி சாதாரண மருந்துக்கே சுருண்டு விழுதாம்."

"சாதாரண மருந்துக்கா?" பய்யூமிக்குத் தாங்கவில்லை. "ஏழு பேரை அடிச்ச கிருமி, ஹாஜி! இப்படி நோஞ்சான் ஆக்கிட்டியே!"

"நோஞ்சான் ஆகணும்னுதான்டா முதுகொடியக் கிளறினேன்," என்றார் ஷஹாத்தா. அவர் குரலில் இருந்தது பெருமைதான், ஆனால் அதைப் பெருமை என்று கடையில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் டிராக்டர் மறுபடி இன்ஷிராஹின் கதவுக்கு முன்னால் நின்றது. இந்தத் தடவை அத்தர் இல்லை. பூசிக்கொள்ள நினைத்தார், கை எரிந்ததால் விட்டுவிட்டார். இன்ஷிராஹ் கதவை ஒரு ஆள் அளவுக்குத் திறந்து, குறுக்கே நின்றாள். கையுறை மாட்டிய கையால் பெட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். முகர்ந்தாள். உதிர்த்துப் பார்த்தாள்.

"மண்ணு வாசனைதான் வருது," என்றாள். "டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"பெரும்பாலும் செத்துடுச்சுன்னாங்க."

"பெரும்பாலும்."

"ஆமா. எல்லாமே இல்ல."

அவள் பார்வை ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் கைகளுக்குப் போனது. முள்வாரி பிடித்துப் பிடித்து உள்ளங்கையெல்லாம் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது.

"இந்தக் கையை அதுக்குள்ள விடுவீங்களா, ஹாஜி?"

ஷஹாத்தாவுக்குத் தம்மைப் பற்றி நன்றாகத் தெரியும். இதற்கு முன் இப்படி ஒரு கேள்வி வந்திருந்தால் தோள் வரைக்கும் உள்ளே விட்டு, அல்லாஹ் மேல் ஆணையிட்டு, ஒன்றும் ஆகாது என்று சிரித்துக் காட்டியிருப்பார். வாய் அதற்குத் தயாராகத்தான் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் கதவு முழுசாகத் திறந்துவிடும் என்றும் தோன்றியது. அவர் தம் உள்ளங்கையைப் பார்த்தார்.

"மாட்டேன்," என்றார். "எனக்குப் பயமா இருக்கு. நீங்களும் கையுறை இல்லாம இதைத் தொடக் கூடாது."

சொல்லி முடித்ததும் எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொண்டார். எரு கொண்டுவந்தவனே எருவைத் தொடப் பயந்தால் யார் வாங்குவார்கள்? பின்பக்கமாக ஓட்டிப் போகக் கழுத்தைத் திருப்பிப் பாதையைப் பார்த்தார்.

"அன்னிக்கு அவர்கிட்ட நான் சொன்னேன்," என்றாள் இன்ஷிராஹ், அவரைப் பார்க்காமல். "கையில கீறல் இருக்கு, துணியாவது சுத்திக்கோங்கன்னு. ஒண்ணும் ஆகாதுன்னு சிரிச்சாரு. அதுக்கப்புறம் இந்த வாசலுக்கு எரு கொண்டுவந்தவன் ஒவ்வொருத்தனும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சத்தியம் பண்ணினான். பயமா இருக்குன்னு சொன்ன முதல் ஆம்பளை நீங்கதான்."

அவள் கதவின் இரண்டு பக்கத்தையும் இழுத்துத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்கக் கல் வைத்தாள்.

"கிழக்கு ஓரமா கொட்டுங்க, வாய்க்காலை விட்டுத் தள்ளி. கொட்டிட்டுக் குழாயடியில சோப்பு இருக்கு. முழங்கை வரைக்கும் கழுவுங்க."

ஷஹாத்தா கொட்டினார். பிறகு குழாயடியில் குந்தி உட்கார்ந்து கழுவ ஆரம்பித்தார். சோப்பு கொப்புளத்தில் பட்டுத் தீயாக எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. விரல் இடுக்கில் தேய்த்தார், நகத்துக்கு அடியில் தேய்த்தார், முழங்கையைத் தாண்டியும் தேய்த்தார். தொழுகைக்குக்கூட அவர் இவ்வளவு நேரம் கழுவியதில்லை. நிறுத்தினால் அடுத்து என்ன சொல்வது என்று தெரியாததால் மறுபடி முதலிலிருந்து சோப்புப் போட்டார். சமையலறை ஜன்னலில் இருந்து அவள் கூப்பிட்டாள்.

"போதும் ஹாஜி, தோல் உரிஞ்சுடப் போகுது. தேநீர் ஆறுது, உள்ள வாங்க."